ராஜகட்டிலிருந்து சிங்ககட் வரை - செஞ்சி வழியாக!

புனே வாழ் அன்பர்களுக்குத் தீபாவளி மண்கோட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பண்டிகைக்கு நாலு நாள் முன்பே குடியிருப்பின் காம்பவுண்டுச் சுவர் ஓரம் செங்கல், கோணிப்பை, மண் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். பிள்ளைகள் கூடி மண்ணைக் குழைத்து ஒரு மலை, மலைமேல் கோட்டை, கோட்டைக்கு வளைந்து ஏறும் பாதை என்று கட்டிவிடுவார்கள். சரிவில் கடுகு தூவினால் நாலைந்து நாளில் பச்சைப் பசேலென்று ஆகிவிடும். உச்சியில் சிம்மாசனத்தில் சிவாஜி மகாராஜா. நாம் நவராத்திரிக் கொலுவில் பூங்கா போடுகிறோமே, அதே கைவேலைதான்.

என் மகனுக்கு எட்டு வயதிருக்கும். கை முழுக்கச் சேறோடு மாடிக்கு ஓடிவந்து கேட்டான்.

"அப்பா, நம்ம ஊர்ல கோட்டை இருக்கா?"

"இருக்குடா. செஞ்சிக் கோட்டை. நம்ம வீட்டு மொட்டை மாடியிலேருந்தே தெரியும்."

"அங்க சிவாஜி மகாராஜா வந்திருக்காரா?"

"அது தேசிங்கு ராஜா கோட்டைடா" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டேன். அது பாதிப் பதில்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அதுவும் ஒரு சைக்கிள் சவாரியில்!

ஊரும் கோட்டையும்

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது, நம் செஞ்சி. செய்தியைப் படித்துவிட்டு என் மனைவிடம் பெருமையாகக் காட்டினேன். "உங்க ஊர்க் கோட்டை இவங்க பட்டியல்ல எப்படி வந்தது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதமே ஊரிலிருந்து அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கேக்கறான். நல்ல வெலதான் சொல்றான். ஓடெல்லாம் சரிஞ்சு கெடக்கு. நான் ஒருத்தனா எத்தினி வருஷம் பாக்கறது? நீயும் இனிமே இங்க வரப்போறதில்ல. வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு."

அண்ணன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. 1994இல் சிஞ்ச்வடில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலைக்கு வந்தவன் நான். ஐந்து வருஷம் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தது, முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. உங்களில் பலருக்கும் இதே கணக்குத்தான் இருக்கும். ஆனாலும், 'ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விடுவேன்' என்று வருஷம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். வீடு போய்விட்டால் அப்படிச் சொல்லவும் வழியில்லை.

மகனிடம் கேட்டேன். இப்போது அவனுக்கு இருபது வயது, பொறியியல் படிக்கிறான்.

"எனக்கு அந்த ஊரே தெரியாதேப்பா. ரெண்டு தடவை கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்க. வேன் ஜன்னல் வழியா 'அதோ பார் கோட்டை'ன்னு காட்டினீங்க. ஏறவே இல்ல. விக்கலாமா வேண்டாமான்னு நான் எப்படிச் சொல்ல?"

கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க மட்டும் என்னவாம்? ராத்திரியானா நம்ம பால்கனிலேருந்து சிங்ககட் விளக்கு தெரியுது. ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?" என்றான்.

போனதில்லை. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் ஷீரடி, மகாபலேஷ்வர், லோணாவலா. நமக்கென்று ஒரு ஞாயிறு கிடைத்தால் துணி துவைத்துத் தூக்கம். கேள்வி சுருக்கென்று தைத்தது.

முடிவில் ஓர் ஒப்பந்தம். முதலில் அவன் கோட்டைகளை அவன் எனக்குக் காட்டுவது. பிறகு என் கோட்டையை நான் அவனுக்குக் காட்டுவது. இரண்டும் சைக்கிளில்!

குரங்குப் பெடலும் இருபத்தொரு கியரும்

சைக்கிள் எனக்குப் புதிதல்ல. அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன். ஆனால் மகனின் நண்பனிடமிருந்து இரவல் வாங்கிய மலைச் சைக்கிள் வேறு ஜாதி. டயர் இரண்டு அங்குல அகலம், கல்லிலும் மண்ணிலும் பிடிக்கக் கட்டை கட்டையாகப் பல். முன் சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. ஆக இருபத்தொரு கியர்.

இதில் ஒரே ஒரு சூத்திரம் தெரிந்தால் போதும். ஏற்றத்தில் முன்பக்கம் சின்னச் சக்கரம், பின்பக்கம் பெரிய சக்கரம். கால் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாக நகரும், ஆனால் மூச்சு நிற்காது. கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் முக்கிக்கொண்டு மாற்றினால் சங்கிலி கழன்று, ரோட்டோரம் உட்கார்ந்து கரி பூசிக்கொள்ள வேண்டியதுதான். பூசிக்கொண்டேன்.

"ஐம்பத்தாறு வயசுல இது தேவையா?" என்றாள் என் இல்லத்தரசி. பிறகு மூன்று நாளைக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டிக் கொடுத்தாள்.

தீபாவளி முடிந்த வாரம், விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். கடக்வாஸ்லா அணை வரை நகரத்து இரைச்சல். அணை தாண்டியதும் இடதுபுறம் சிங்ககட் மலை எழுந்து நிற்க, நாங்கள் அதை விட்டு விலகிப் பான்ஷேத் சாலையில் போனோம். "கடைசி நாள் இங்க வருவோம்" என்றான் மகன். கானாப்பூரில் திரும்பினால் பாபே காட். மழை விட்டு ஒரு மாதம் ஆகியும் மலைச்சரிவில் மஞ்சள் பூ மிச்சம் இருந்தது. கீழே அறுவடைக்கு முற்றிய நெல். நெல் வாசனை வந்ததும் எனக்குத் தென்னாற்காடு ஞாபகம் வந்துவிட்டது. மகாராஷ்டிரம் என்றால் சோளம், கோதுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாக நெல் வயல்.

ஏற்றத்தில் நாலு இடத்தில் இறங்கித் தள்ளினேன். வெட்கமில்லை. வெட்கப்பட வைத்தது இறக்கம். மூன்றாவது வளைவில் பிரேக்கைப் பிடித்தால் 'கிரீச்' என்று இரும்புச் சத்தம். வண்டி நிற்கவில்லை. காலைத் தரையில் தேய்த்து, ஒரு மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். பிரேக் கட்டை ரப்பர் முழுக்கத் தேய்ந்து உள்ளிரும்பு ரிம்மில் உரசிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவன், புறப்படும் முன் குனிந்து பிரேக் கட்டையைப் பார்க்கவில்லை!

மகன் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து புதுக் கட்டையும் சாவியும் எடுத்தான். பத்து நிமிஷத்தில் மாற்றி, ரிம்முக்குச் சமமாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்டான். வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னாலும் போனைப் பார்க்கிறவன். இந்தக் கை வேலை எங்கே கற்றான்? நான் கேட்கவில்லை.

"ரெண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிங்கப்பா. முன் பிரேக்கை மட்டும் இறுக்கினா தூக்கி எறிஞ்சிடும்" என்று மட்டும் சொன்னான்.

"துமச்ச காவ் குட்ல?"

அன்று இரவு தோரணாக் கோட்டையின் அடிவாரத்தில், வேல்ஹேயில் ஒரு விவசாயி வீட்டில் தங்கினோம். தோரணா சுமார் 1,400 மீட்டர் உயரம், புனே மாவட்டத்தின் மிக உயரமான கோட்டைகளில் ஒன்று. சிவாஜி முதலில் பிடித்த கோட்டை இதுதான் என்பார்கள். அப்போது அவருக்கு வயது பதினாறு.

வீட்டு ஆஜி அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து பாக்ரி தட்டிக்கொண்டே கேட்டார்: "உமக்கு எந்த ஊர்?"

புனேயில் இந்தக் கேள்வியை ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். முப்பத்தொரு வருஷமாக நான் சொல்லும் பதில் "சென்னை". செஞ்சி என்றால் யாருக்குத் தெரியும்? சென்னை என்றால், "ஓ, மதராஸ்!" என்று விட்டுவிடுவார்கள். அன்று என்னவோ, உண்மையைச் சொல்லத் தோன்றியது. அவர்கள் உச்சரிப்பிலேயே, "ஜிஞ்ஜி பக்கம்" என்றேன்.

ஆஜியின் கை நின்றது. "ஜிஞ்ஜியா? ராஜாராம் மகாராஜா போனாரே, அந்த ஜிஞ்ஜியா?"

உள்ளேயிருந்து அவர் கணவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், எழுந்து வந்துவிட்டார். பிறகு அரை மணி நேரம் எனக்கு என் ஊர்ச் சரித்திரத்தை மராட்டியில் பாடம் நடத்தினார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

1677இல் தெற்கே படையெடுத்து வந்தபோது சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். மதில்களைப் பலப்படுத்தி, படை வைத்துவிட்டுப் போனார். அப்போது அது தூரத்துக் கோட்டை. பன்னிரண்டு வருஷம் கழித்து அதுவே புகலிடம் ஆயிற்று. 1689இல் அவருடைய மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். பட்டத்துக்கு வந்த இளைய மகன் ராஜாராமுக்கு அப்போது பத்தொன்பது வயது. ராய்கட்டை மொகலாயப் படை சூழ்ந்துகொண்டது. ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே ஓடினார். வழியில் கேளடி ராணி சென்னம்மா அடைக்கலம் கொடுத்துக் காப்பாற்றினார். அந்த ஆண்டு இறுதியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அங்கேயே அரசவை, அங்கேயே தலைநகரம். ஜுல்பிகர் கான் வந்து முற்றுகை போட்டார். ஏறக்குறைய எட்டு வருஷம் கோட்டை விழவில்லை. சிவாஜியின் தம்பி வழி வந்த தஞ்சை மராட்டியரும் உதவினார்கள். 1698இல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பி இந்த மலைகளுக்கே திரும்பிவிட்டார்.

"உங்கள் ஊர் மட்டும் இல்லையென்றால் எங்கள் ராஜ்யம் அன்றே முடிந்திருக்கும்" என்றார் ஆசிரியர்.

நமக்கெல்லாம் தெரிந்த தேசிங்கு ராஜா அதற்குப் பிறகு வந்தவர், 1714இல் போரில் மாண்டவர். அவர் கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன் எட்டு வருஷம் ஒரு மராட்டிய ராஜா, மொழி தெரியாத ஊரில், வீட்டை விட்டு வந்து, எங்கள் மலையில் வாழ்ந்திருக்கிறார். அதை எனக்குச் சொல்ல வேல்ஹே வரை சைக்கிள் மிதிக்க வேண்டியிருந்தது. அன்று ஆஜி என் தட்டில் வைத்த நாலாவது பாக்ரியை வேண்டாமென்று சொல்ல முடியவில்லை.

பிறந்த இடம்

மறுநாள் சாலையை விட்டு வயல்வெளி மண்பாதைகளில் குஞ்சவணே கிராமத்துக்குப் போனோம். மாட்டுவண்டித் தடத்தில் சக்கரத்தை வைத்துக்கொண்டு, வாய்க்காலைத் தூக்கிக் கடந்து, எருமைகளுக்கு வழிவிட்டு. மலைச் சைக்கிள் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. காரில் வந்திருந்தால் மலையை மட்டும் பார்த்திருப்போம்.

ராஜகட்டுக்குச் சைக்கிள் ஏறாது. ஒரு வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டு நடந்தோம். இரண்டரை மணி நேரம். கடைசியில் சோர் தர்வாஜா என்கிற திருட்டு வாசல். பாறையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். நான் ஏறியதை என் மனைவியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் செஞ்சி மலை உருண்டைப் பாறைகளை யாரோ கூடையிலிருந்து கொட்டியது போல இருக்கும். இங்கே அப்படியில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து உறைந்த மலை. கெட்டியான அடுக்கு செங்குத்துச் சுவராக நிற்கும். தலைப்பக்கம் மேசை போலத் தட்டை. பாதி மதில் இயற்கையே கட்டிக் கொடுத்தது! மேலே பாறையைக் குடைந்து தொட்டி வெட்டி மழைநீரைப் பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கலாம். ராய்கட்டுக்கு மாறும் முன் கால் நூற்றாண்டு சிவாஜியின் தலைநகரம் இதுதான்.

பத்மாவதி மாச்சியில் புளியோதரையைப் பிரித்தபோது மகன் சொன்னான்: "அப்பா, ராஜாராம் இங்கதான் பொறந்தார். 1670 பிப்ரவரி 24. அதுக்கு இருபது நாள் முன்னாடிதான் தானாஜி சிங்ககட்டைப் பிடிச்சார்." பிறகு வடக்கே கை நீட்டினான். தொலைக்காட்சிக் கோபுரத்தோடு சிங்ககட் தெளிவாகத் தெரிந்தது. "இங்க பொறந்து, அங்க செத்தார்."

நேர்க்கோட்டில் பதினைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் அவர் அங்கே போய்ச் சேர, சுமார் தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செஞ்சிக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

முடிந்த இடம்

மூன்றாம் நாள் வந்த வழியே பாபே காட் ஏறி இறங்கி, டோண்ஜே வந்து, சிங்ககட் மலைச்சாலையைப் பிடித்தோம். ஒன்பது கிலோமீட்டர் போல ஏற்றம், மூச்சுவிட ஒரு சமதளம் கிடையாது. ஞாயிறு காலைகளில் புனே சைக்கிள்காரர்கள் இதை ஒரே மூச்சில் ஏறுகிறார்கள். நான் ஒன்பது மூச்சில் ஏறினேன். தள்ளியது மூன்றே இடம்!

கோட்டையில் கூட்டம். வாசலிலேயே காந்தா பஜி, பிட்லா-பாக்ரி, மண்சட்டித் தயிர். தானாஜி ஏறிய செங்குத்துப் பாறையைப் பார்த்தோம். மகன் கல்யாண வேலையை நிறுத்திவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஏறி, கோட்டையை வாங்கித் தந்து உயிரைக் கொடுத்தவர். அவர் கதை இங்கே குழந்தைக்கும் தெரியும்.

ராஜாராமின் சமாதி அமைதியாக இருந்தது. செஞ்சியிலிருந்து திரும்பி இரண்டே வருஷத்தில், 1700 மார்ச்சில், முப்பதாவது வயதில் இங்கே இறந்தார். அதன்பின் அவர் மனைவி தாராபாய் போரைத் தொடர்ந்தார். 1707இல் ஔரங்கசீப் இறக்கும்வரை விடவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். எங்கள் ஊர்த் தண்ணீரை எட்டு வருஷம் குடித்த மனிதர். நானோ இந்த ஊர்த் தண்ணீரை முப்பத்தொரு வருஷமாகக் குடிக்கிறேன். அவரை யாராவது "உமக்கு எந்த ஊர்?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ராஜகட் என்றா, செஞ்சி என்றா?

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பொங்கலுக்கு நாங்க மூணு பேரும் வர்றோம். அதுவரைக்கும் அட்வான்ஸ் எதுவும் வாங்கிடாதீங்க."

"வந்து?"

"கோட்டையச் சுத்திப் பாக்கணும். பையன் ராஜகிரி ஏறணும்கிறான். சைக்கிள்ல சுத்தப்போறோம்."

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வர்றதா இருந்தா தேதியச் சொல்லு. மோட்டாரு ரிப்பேரா கெடக்கு, தண்ணிக்கு ஏற்பாடு பண்ணணும். சைக்கிள்ளாம் நம்ம ஊருலயே கெடைக்கும், அங்கேருந்து தூக்கியாராத" என்றார்.

வீட்டை விற்பதா வேண்டாமா, இன்னும் முடிவாகவில்லை. ஆனால் இம்முறை மகனும் அந்த மொட்டை மாடியில் நின்று பார்த்துவிட்டுப் பேசுவான்.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழை மாதங்களில் கோட்டைப் பாறை பாசி பிடித்து வழுக்கும், வேண்டாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தலைக்கவசம், மாற்று டியூப், பஞ்சர் சாமான் அவசியம். புறப்படும் முன் பிரேக் கட்டையைக் குனிந்து பாருங்கள்! முதல்முறை என்றால் சிங்ககட் ஒன்றே போதும், விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிடலாம். பிள்ளைகளை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள். அவர்களுக்கு வழி தெரியும்.

வழியில் யாராவது "உமக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், சென்னை என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பெயரையே சொல்லிப் பாருங்கள்.